சந்தனம் பட்ட இடம்

அன்றைக்கு மழை பெய்ததா இல்லையா என்பதே தண்டாயுதபாணிக்கு நிச்சயமில்லை. ஓட்டின் மேல் தூறல் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அது தூறல்தானா, அல்லது கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குள் ஆட்டம் ஏறும்போது கேட்கும் இரைச்சலா என்று இத்தனை வருஷங்களில் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். நிர்மலா பச்சைத் தாவணி போட்டிருந்தாள் என்று நினைக்கிறார். சில நாட்களில் அது நீலமாகவும் இருந்திருக்கிறது. அவள் என்ன கேட்டாள் என்பது நன்றாக நினைவில் இருக்கிறது. தான் என்ன சொன்னோம் என்ற இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. எதையாவது சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். அவரைத் தெரிந்தவர்கள் சொல்லாமல்தான் இருந்திருப்பார் என்பார்கள்.

இப்போது அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் காலர் பின்னும் கம்பெனி ஒன்றில் டிசைன் போடுகிறார். டீ-சர்ட் காலரில் வரும் கோடும் பூவும் முதலில் அவருடைய திரையில்தான் கட்டம் கட்டமாக எழும். அதற்குப் பிறகுதான் மெஷின் பின்னும். வடக்கிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஆபரேட்டர்கள் அவருக்கு 'சைலண்ட் சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கு அது தெரியும். அதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

புதன்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அவருடைய மனைவி சித்ராதேவி தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம அக்கா வாராங்களாமா. பேத்திக்குக் காது குத்தறாங்களாம். நேர்ல வந்து பத்திரிகை வெக்கோணும்னு போன் பண்ணுனாங்க."

"யாரு?"

"யாருன்னு தெரியாத மாதிரியே கேக்கறதப் பாருங்க. உங்க மாமன் பொண்ணு. குன்னத்தூர் நிர்மலாக்கா."

அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

"வாரப்பவாவது அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

"எதுக்கு?"

"பீரோல உங்க பட்டு வேட்டிக்கடியில கெடக்குதே, அந்தக் கேசட்டுக்கு. நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அங்கதான் கெடக்குது. வருசா வருசம் துணிக்கு அந்துருண்டை போடறப்ப அதுக்கும் சேத்தி ஒண்ணு போட்டுட்டு வர்றேன். பாட்டுக் கேசட்டுன்னா ஒரு தடவையாவது போட்டுக் கேட்டிருப்பீங்க. கேக்கல. அப்ப அது பாட்டில்ல. இன்னொரு தோசை?"

"போதும்."

"ரெண்டு வார்த்தை சேந்தாப்பல பேசிட்டா நாக்கு சுளுக்கிக்குமா என்னமோ" என்று சொல்லிவிட்டு அவள் இன்னொரு தோசையை வைத்தாள்.

*

அது பாட்டுக் கேசட் இல்லைதான். அதற்குள் இருந்தது ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம்.

கல்லூரி முடித்த புதிதில் தண்டாயுதபாணி சோமனூரில் தாய்மாமன் ரத்தினசாமியின் வீட்டில் இருந்தார். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். விடிந்ததிலிருந்து தறிகள் ஓடும். பேசுவதென்றால் கத்த வேண்டும். கத்திப் பேச விருப்பமில்லாத ஒருவனுக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. அங்கே அவர் பேசாமல் இருந்ததை யாரும் கவனிக்கவே இல்லை.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த அருள்செல்வன் லண்டன் போனபோது ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்திருந்தார். ஒரு டிபன் பொட்டலம் அளவுதான் இருக்கும். அழித்துத் தேய்ந்த ரப்பரைப் போல மெத்தென்ற பொத்தான்கள். டிவியில் செருகினால் படம் வரும், டேப் ரெக்கார்டரில் செருகினால் எழுதியதைக் கேசட்டில் சேமிக்கலாம். அருள்செல்வனுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. "நீ கணக்குப் படிச்சவன். எடுத்துட்டுப் போயி இது என்ன பண்ணும்னு பாத்துச் சொல்லு தம்பி" என்று கொடுத்துவிட்டார்.

கூட வந்த புத்தகத்தைத் தண்டாயுதபாணி படித்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று நிர்மலாவும் படித்தாள். அவள் பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருந்தாள். மேலே படிக்க வைப்பதாக மாமாவுக்கு எண்ணமில்லை. முதலில் திரையில் ஒரு புள்ளியை நகர்த்தினார்கள். பிறகு அந்தப் புள்ளி ஒரு ஆடானது, நொய்யல் ஆற்றைத் தாண்டியது, தண்ணீரில் விழுந்து செத்தது. செத்ததும் கம்ப்யூட்டர் 'பீப்' என்றது. அந்தச் சத்தத்துக்கு நிர்மலா சிரித்த சிரிப்பைத் தறிச் சத்தத்துக்கு மேலாகவும் கேட்க முடிந்தது.

தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கும். டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவில் ஒரு அஞ்சலட்டை அளவுக்கு வந்து நிற்கும். இன்னும் இறங்கினால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வெள்ளையாய் விழிக்கும். அதனால் ஆட்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில்தான் இருவரும் நிரலை டைப் அடித்தார்கள். தறி நின்றதும் திரையில் படம் மெல்ல விரிந்து முழுசாகும். அந்த அமைதியில் சுவர்கள் இன்னும் அதிர்ந்துகொண்டிருப்பது போலத் தோன்றும். இன்றைக்கும் அவர் கனவில் அந்த அறை வந்தால், படம் விரிவதுதான் முதலில் வரும். ஆட்கள் யாரும் இருக்க மாட்டார்கள். வெளியே டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் மோதிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்கும்.

அவர்கள் கடைசியாக எழுதிய ஆட்டம் தறியைப் பற்றியது. திரையில் பாவு நூல்கள் திறந்து மூடும். திறந்திருக்கும் கணத்தில், நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவை விட வேண்டும். தவறினால் நூல் அறும். சரியாக விட்டால் அடியில் துணி ஒரு வரி வளரும். மாமாவின் தறி ஓடும் தாளத்தை அப்படியே வைத்திருந்தார் தண்டாயுதபாணி. அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும்போது காதை வைத்தே ஆடிவிடலாம்.

"துணி வெறும் வெள்ளையாவா வரோணும்?" என்றாள் நிர்மலா. "ஒரு படம் வர்ற மாதிரி பண்ணலாமுங்களே மச்சா. கீழேருந்து வரி வரியா. நான் வரையறேன்."

"என்ன படம்?"

"அதச் சொல்ல மாட்டேன். ஆடி முடிச்சுத்தான் பாக்கோணும்."

டிசைனுக்காக மாமா வைத்திருந்த கட்டம் போட்ட தாளில் வரைந்தாள். வரைந்ததை எண்களாக மாற்றி அவளே கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அப்போதெல்லாம் அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது உத்தரவு. ஏற்றி முடித்ததும் தாளைக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள்.

பிறகு வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்: "ஓட்டிப் பாருங்க. பாத்துட்டு உங்களுக்குச் சரின்னு பட்டா அப்பாகிட்டப் பேசுங்க. இல்லீன்னா உட்ருங்க."

அவர் முறைப்பையன். அவள் முறைப்பெண். குன்னத்தூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று வீட்டில் பேச்சு இருந்தது. அப்பாகிட்டப் பேசுங்க என்றால் வேறு என்ன பொருள் இருக்க முடியும்? அந்த வார்த்தைகள் தனக்குள் இறங்கிப்போய் உட்கார்ந்துகொண்டதை அவர் உணர்ந்தார். அவை இன்றுவரை அங்கேதான் இருக்கின்றன.

*

கேசட்டில் சேமிப்பதற்குத் தறிகள் முழுதாக நிற்கும் நாள் வேண்டியிருந்தது. இடையில் வோல்டேஜ் ஆடினால் எல்லாம் கெட்டுவிடும். ஆயுத பூஜையன்று சோமனூரில் ஒரு தறி ஓடாது. அந்த நாளுக்காகக் காத்திருந்து, அன்று விடியற்காலையில்தான் அவள் எண்களை ஏற்றியிருந்தாள்.

காலையிலிருந்து ஊரே புதிதாக இருந்தது. தறிகளைக் கழுவித் துடைத்து, மாவிலையும் வாழைக்கன்றும் கட்டியிருந்தார்கள்; எங்கும் சந்தனமும் பொரியும் மணத்தன. ஓட்டிப் பார்ப்பதற்கு முன் பத்திரப்படுத்திவிட வேண்டும் என்று தண்டாயுதபாணி முதலில் படத்தையும், அதற்குப் பின்னால் ஆட்டத்தையும் கேசட்டில் ஏற்றினார். மழை போன்ற அந்த இரைச்சல் ஓடி முடிந்தது. பதிந்தது சரியாக இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் தானே ஒருமுறை கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பின்னோக்கிச் சுற்றி அதைத் தொடங்கினார். படம் பாதி ஓடியிருக்கும், மாமாவின் குரல் வந்தது.

"ஏனப்பா, பூஜைக்கு நேரமாச்சு. மெயினை ஆஃப் பண்றேன். இன்னிக்கு ஒரு நாளாச்சும் அதுக்கும் ஓய்வு குடு."

ஆயுத பூஜையில் சாமி முன்னால் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. தறி என்றாலும் சரி, கத்தரிக்கோல் என்றாலும் சரி, கம்ப்யூட்டர் என்றாலும் சரி. மாமா மெயினை அணைத்தார். கம்ப்யூட்டர் மறந்தது. ஆட்டம் இனி கேசட்டில் மட்டும்தான் இருந்தது.

நிர்மலா கேசட்டைப் பாதியில் வெளியே எடுத்து, கம்ப்யூட்டர் மேல் வைத்து, இரண்டையும் முருகன் படத்தின் முன்னால் நாடாவுக்கும் ஸ்பேனருக்கும் பக்கத்தில் வைத்தாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். தறிக்கு, டிவிக்கு, டேப் ரெக்கார்டருக்கு, கம்ப்யூட்டருக்கு. கேசட்டுக்கும் வைத்தாள். அதன் மேல் ஒரு பொட்டு. டேப் வெளியே தெரியும் விளிம்பில் ஒரு பொட்டு. இரண்டின் மேலும் குங்குமம். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அழகாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தார்.

மறுநாள் காலையில் கேசட்டைப் போட்டபோது படத்தின் பாதியில் நின்றது. திரும்பப் போட்டார். அதே இடத்தில் நின்றது. தன் ஆட்டத்தை யாரும் திறந்து பார்த்துத் திருடிவிடக் கூடாது என்று, ஏறும்போது பிழை வந்தால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அழித்துவிடும்படி அவரே எழுதி வைத்திருந்தார். யார் சோமனூருக்கு வந்து திருடப் போகிறார்கள்? ஆனாலும் அப்படி எழுதியிருந்தார். அது அவர் சொன்னபடியே ஒவ்வொரு முறையும் பணிவாக அழித்தது.

அன்றைக்கே குன்னத்தூர்க்காரர்கள் பூவும் பழமுமாக வந்துவிட்டார்கள். வீடு நிறைய ஆட்கள். தறிகள் மறுபடி ஓடின. சமையலறை வாசலில் நிர்மலா ஒரு கணம் அவரைப் பிடித்துக் கேட்டாள்: "பாத்தீங்ளா மச்சா?"

அதற்குப் பிறகுதான் அந்த வெற்றிடம். அடுத்ததாக நினைவுக்கு வருவது, அருள்செல்வனின் ஆள் கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கிப் போக வந்தது. அதன் நெற்றியில் பொட்டு காய்ந்திருந்தது.

*

வெள்ளிக்கிழமை மாலையில் பழைய சாமான் கடையில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினார். அதற்குப் புது பெல்ட் போட்டார். சனிக்கிழமை விடுப்பு சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையில் அதையும் மடிக்கணினியையும் ஒயரால் இணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இதைப் பத்து வருஷங்களுக்கு முன்பே செய்திருக்கலாம். அவருக்குத் தெரியாத வேலை இல்லை. பார்க்காத வரைக்கும் அந்தப் படத்தில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் காரணம். சில காலம் அது ஒரு மாலையாக இருந்தது. சில காலம் இரண்டு பெயர்கள். சித்ராதேவியோடு சந்தோஷமாக இருந்த நாட்களில்கூட, பட்டு வேட்டியின் அடியில் இன்னொரு வாழ்க்கை மடித்து வைத்தது போல அது இருந்தது.

கேசட்டைக் கையில் எடுத்துப் புரட்டினார். மேல் பொட்டு பழுப்பேறி, குங்குமம் கறுத்து, இன்னும் ஒட்டியிருந்தது. பென்சிலைச் செருகிச் சுற்றியபோது, டேப்பிலேயே ஓரிடத்தில் ஒரு காய்ந்த பொருக்கு வந்தது. ஈரத் துணியால் மெல்லத் தொட்டார். பொருக்கு உதிர்ந்தது. அதோடு டேப்பின் பழுப்புப் பூச்சும் உரிந்து வந்தது. அந்த இடத்தில் டேப் கண்ணாடி போல ஆனது. அதன் வழியாக மேசையின் மரக்கோடுகள் தெரிந்தன.

டேப் பழுதாய் வந்தது, ரெக்கார்டர் மோசம், கரண்ட் ஆடியிருக்கும் என்று எத்தனையோ காரணங்களை நினைத்திருக்கிறார். அந்தச் சந்தனக் கிண்ணத்தையும் பொட்டு வைத்த மோதிர விரலையும் மட்டும் நினைத்ததில்லை.

பிறகு டேப்பை ஓட விட்டார். மழை பெய்தது. திரையில் சத்தம் அலைகளாக விரிந்தது. அகலமான அலை என்றால் ஒன்று, குறுகலானது என்றால் சுழியம். அதைப் பிரித்துக் கட்டங்களாக மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதினார். மதியம் சாப்பாடு ஆறும் நேரத்தில் படம் கீழிருந்து வரி வரியாக எழத் தொடங்கியது.

முதலில் இரண்டு வட்டங்கள். கண்கள் என்று நினைத்தார். முகம்தான் வரப்போகிறது என்று நினைத்தார். ஆனால் வட்டங்களுக்கு மேல் ஒரு நீண்ட பட்டை வந்தது. பட்டைக்கு ஒரு படிக்கட்டு வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெள்ளை. சந்தனம் பட்ட இடம். வெள்ளைக்கு மேலே ஒரு கூரை, கூரையில் இரண்டு மூட்டைகள், ஒரு கூடை. எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு பலகை. அதில் நிர்மலாவின் கையெழுத்து அப்படியே கட்டங்களாகி நின்றது. கோவை.

பஸ். அழிந்துபோனவை அதன் சன்னல்கள்.

"என்னுங்க அது, பஸ்ஸா?" சித்ராதேவி பின்னால் வந்து நின்றிருந்தாள். "இதுக்கா இத்தன வருசம் அந்துருண்டை போட்டேன்?"

"சன்னல் போயிருச்சு."

"சன்னல்ல என்ன இருந்துச்சாம்?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சன்னலில் ஒரு தலை இருந்ததா, இரண்டா? அது மட்டும் தெரிந்தால் போதும். அவள் போன பிறகு காலி இடத்தில் தானே கட்டங்களை நிரப்பிப் பார்த்தார். பின்னலோடு ஒரு தலை. பக்கத்தில் இன்னொரு தலை. நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே அழித்துவிட்டார்.

*

நிர்மலா பஸ்ஸில் வந்தாள். நரைத்த முடியை அழுத்தி வாரி, தட்டில் பழமும் வெற்றிலையும் பத்திரிகையுமாக வைத்துக் கொடுத்துவிட்டு விசிறிக்கு நேராக உட்கார்ந்தாள்.

"காரு இருக்கறப்ப எதுக்குங்க்கா இந்த வெயில்ல பஸ்ல வாரீங்க?" என்றாள் சித்ராதேவி.

"கார்ல வந்தா அவரு வருவாரு, மகன் வருவான், மருமக வருவா, எனக்கு நடுவுல எடம் குடுப்பாங்க. பஸ்ல சன்னலோரம் எனக்கே எனக்குக் கெடைக்குமுல்ல சித்ரா."

சித்ராதேவி காபி போட உள்ளே போனாள். தண்டாயுதபாணி மடிக்கணினியைத் திறந்து மேசையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

நிர்மலா மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பார்த்தாள். உதடு விரிந்தது.

"அய்யோ. இது நான் வரைஞ்சதுங்களா?"

"ஆமா."

"மூட்டையெல்லாம் போட்டிருக்கறேன் பாருங்க. இன்னும் இருக்குதா இது! சன்னலெல்லாம் எங்கீங்க?"

"அந்த எடம் மட்டும் கெட்டுப்போச்சு. என்ன போட்டிருந்தே?"

"என்னைக் கேக்கறீங்க? நீங்கதான் அப்பவே பாத்தீங்களே."

"இல்ல நிர்மலா. கேசட் ஏறவே இல்ல. நேத்துத்தான் பாத்தேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பாத்தீங்ளான்னு கேட்டனே. தலையாட்டினீங்களே மச்சா."

வெற்றிடம் நிரம்பிய விதம் அதுதான். சத்தமில்லாமல். அவர் அந்தச் சமையலறை வாசலைத் தேடிப் போனார். பூவும் பழமும், ஆட்கள், தறிச் சத்தம். தன் தலை அசைகிறதா என்று பார்த்தார். அசைந்தது போலவும் இருந்தது. அவள் சொன்னதால் இப்போதுதான் அசைகிறதோ என்னவோ. ஆட்டம் ஏறவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு ஆட்டியிருக்கலாம். தறிச் சத்தத்தில் அவள் கேட்டது சரியாக விழாமலும் ஆட்டியிருக்கலாம்.

"ஞாபகமில்ல" என்றார்.

விசிறி சுற்றியது. தெருவில் துணி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று போனது. சித்ராதேவி காபியோடு வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னக்கா, இவருகூட ரெண்டு நிமிசம் உக்காந்ததுக்கே உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா? நேத்தெல்லாம் இவருக்கு இதே வேலைங்க. சன்னல்ல ஒரு தலையா, ரெண்டு தலையான்னு. போடறாரு, அழிக்கறாரு."

தண்டாயுதபாணி காபியைப் பார்த்தார். அவளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

நிர்மலா சிரித்துவிட்டாள். தறிச் சத்தத்துக்கு மேலாகக் கேட்ட அதே சிரிப்பு. "ஒரு தலை, ரெண்டு தலையா? சோமனூர்லேருந்து போற பஸ்லயா? எல்லாச் சன்னல்லயும் அடைச்சு வெச்சிருந்தேன் சித்ரா. ஒரு ஆளு கைய வெளிய போட்டிருப்பாரு. ஒரு பாட்டி வாந்தி எடுப்பா. ஒரே ஒரு சன்னல மட்டும் காலியா உட்டிருந்தேன்."

"யாருக்குங்க்கா?"

"எனக்குத்தான்." காபியை ஆற்றினாள். "காந்திபுரத்துல கம்ப்யூட்டர் சொல்லித் தர்ற எடம் புதுசாத் தொறந்திருந்தாங்க. போயிட்டு வர்றேன்னு நான் கேட்டா எங்கப்பா உடுவாரா? மச்சான் சொன்னா கேப்பாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களையும் ஒரு வருசம் தள்ளி வரச் சொல்லலாம்னு கணக்குப் போட்டேன்."

"வாயால சொல்லியிருக்கலாமே நிர்மலா" என்றார் அவர்.

"உங்ககிட்டயா? அந்த ஊட்டுல நீங்க எதப் பாத்தீங்க? சாப்பாட்டுல உப்பில்லீன்னாகூடத் தெரியாது உங்களுக்கு. அந்தப் பொட்டியத்தான் கண்ணெடுக்காமப் பாப்பீங்க. அதுக்குள்ள போட்டாத்தான் நீங்க பாப்பீங்கன்னு நெனச்சேன்."

சித்ராதேவி சத்தமாகச் சிரித்தாள். "இதச் சரியாச் சொன்னீங்க்கா."

நிர்மலா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பாத்துட்டு, பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு நீங்களும் நெனச்சுட்டீங்கன்னு இருந்தேனுங்க மச்சா. ரொம்ப வருசம் கோவமா இருந்தேன். அப்பறம் எதுக்குக் கோவம்னு மறந்துபோச்சு. கோவம் மட்டும் இருந்துச்சு. ஊட்டுல யாரு கேட்டாலும், சோமனூர் மச்சானா, அவரு நல்லவருதான்னு சொல்லுவேன். அந்த 'தான்' போகவே இல்ல."

சந்தோஷமா துக்கமா என்று பிரிக்க முடியாத ஒன்று அவருக்குள் எழுந்தது. இத்தனை வருஷம் அவர் சுமந்தது வேறு. அவள் சுமந்தது வேறு. ஒரே கேசட்.

அவள் மேசையிலிருந்த கேசட்டை எடுத்துப் புரட்டினாள். மேலே இருந்த பொட்டை விரலால் தடவினாள். முகம் மலர்ந்தது.

"நான் வெச்ச பொட்டு! பாரு சித்ரா, இன்னும் இருக்குது. அன்னிக்கு ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் வெச்சேன். இந்த ஆட்டம் நல்லபடியா ஓடோணும்னு இதுக்கு மட்டும் ரெண்டு வெச்சேன்."

தண்டாயுதபாணி வாயைத் திறந்தார். ஈரத் துணியில் ஒட்டிய சந்தனம் இன்னும் குப்பைக் கூடையில்தான் கிடந்தது. அவள் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். வாழ்நாளில் அவர் பேசாமல் இருந்த எத்தனையோ தருணங்கள் தானாக நேர்ந்தவை. இதை மட்டும் அவர் யோசித்துத் தேர்ந்தெடுத்தார்.

"அந்தக் காலத்து டேப்பே மோசம்" என்றார். "நான்தான் ரெண்டு காப்பி எடுத்து வெச்சிருக்கோணும்."

"அது வாஸ்தவம்" என்றாள் நிர்மலா. கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எப்படிங்க இதுல போடறது? தாங்க, நானே போடறேன்."

மவுஸை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கட்டம் கட்டமாக அழுத்தினாள். தலைகள் வந்தன. ஒரு கை வெளியே நீண்டது. பாட்டியின் வாந்தியை மூன்று புள்ளிகளில் முடித்தாள். சித்ராதேவி குனிந்து பார்த்துக்கொண்டே ஒரு குடுமிக்காரரைச் சேர்க்கச் சொன்னாள். அவரையும் சேர்த்தாள். நடுவில் ஒரு சன்னலை அப்படியே விட்டாள்.

அதற்குப் பிறகு ஆட்டத்தை ஓட்டினார்கள். டேப்பில் கெடாமல் இருந்த அந்தப் பகுதியை, பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் ஒரு நிரலில் அவர் முந்தின இரவே ஏற்றி வைத்திருந்தார். முதல் சில முறை நூல் அறுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தாளத்தைக் காதில் பிடித்தாள். பிடித்ததும் தவறவில்லை. அடியில் சக்கரங்கள் வந்தன, படி வந்தது, ஆட்கள் வந்தார்கள், காலிச் சன்னல் வந்தது, கூரை வந்தது. அந்தச் சின்ன நேரத்தில் மேசைக்கு அடியில் தரை அதிர்வது போலத் தண்டாயுதபாணிக்குத் தோன்றியது. அது உண்மையா என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

நாலரை மணி பஸ்ஸுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டார். சன்னலோரம் இடம் கிடைத்தது.

*

ரத்தினசாமி மாமா பல வருஷங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்தார். அவருடைய தறிகள் இப்போது வேறொருவர் கையில் ஓடுகின்றன. அருள்செல்வன் பனியன் கம்பெனியை விற்றுவிட்டு மகனோடு கனடாவில் இருக்கிறார். அவருடைய கம்ப்யூட்டர் என்ன ஆனது என்று அவருக்கே தெரியாது. நிர்மலா அந்தப் படிப்பைப் படிக்கவில்லை. குன்னத்தூரில் கணவரின் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டாள். மகளைக் கோவையில் படிக்க வைத்தாள். பேத்தியின் காது குத்து நன்றாக நடந்தது. தண்டாயுதபாணியும் சித்ராதேவியும் போய் வந்தார்கள். சித்ராதேவி இப்போது பீரோவில் துணிக்கு மட்டும் அந்துருண்டை போடுகிறாள். கேசட்டை நிர்மலா கேட்டு வாங்கிப் போய்விட்டாள். அது குன்னத்தூரில் அவள் பூஜை அறையில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவள் அதற்குப் பொட்டு வைக்கிறாள். தண்டாயுதபாணி இன்னும் காலர் டிசைன் போடுகிறார். டேப்பில் என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.